விற்றலும் மீள வாங்கலும்

நம் கல்லூரியின் பழைய மாணவரும், அரச சேவையிலிருந்து இளைப்பாறியவருமான பெரியார் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். சேவை முடிவிற் பெற்ற பணத்தில் ஒரு பங்கைக் கொழும்புக் கம்பெனிப் பங்குகளில் இட்டிருந்தார். "சந்தை சரியும் என்கிறார்கள், மாஸ்டர். இப்பொழுது விற்றுவிட்டு, அமளி அடங்கியபின் திரும்ப வாங்கினால் என்ன?" என்று கேட்டார். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இவ்வினா புறம்பானதுபோலத் தோன்றினும், இளைப்பாறியோர் பலரின் சேமிப்பு இதில் அடங்கியிருத்தலின், இதனை ஈண்டு ஒரு பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலிற் கணக்கைக் காண்போம். ஒருவர் 1,000 பங்குகளை 100 ரூபா வீதம் விற்கிறார். தரகும் பிற கட்டணங்களும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 1 எனக் கொண்டால், அவர் கையில் 99,000 ரூபா சேரும். அதே 1,000 பங்குகளை மீளப் பெறுவதற்கு விலை ஏறக்குறைய 98 ரூபாவாக இறங்கவேண்டும். விலை 95க்கு வந்தபோது, "இன்னும் இறங்கும்" எனக் காத்திருக்கிறார். அது 105க்கு ஏறியபோது, "மீண்டும் இறங்கும்" எனக் காத்திருக்கிறார். ஈற்றில் 115க்கு வாங்கினால் அவருக்குக் கிடைப்பன 852 பங்குகளே. இடையில் வழங்கப்பட்ட பங்கிலாபமும் அவருக்கில்லை.

விற்றல் ஒரு தீர்மானம். மீள வாங்கல் மற்றொன்று. இரண்டும் சரியாக அமைந்தாலன்றிப் பயனில்லை. இதற்கு வரலாறும் சான்று பகரும். 1987 ஒக்டோபர் 19இல் நியூயோர்க் சந்தையின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 508 புள்ளிகள், அதாவது நூற்றுக்கு 22.6 வீதம், வீழ்ந்தது. அன்று அஞ்சி விற்றோர் மூச்சு விடுமுன்னரே, அடுத்த இரு நாட்களில் இழந்ததிற் பாதிக்கு மேல் மீண்டது. அவ்வாண்டு முடிவில் அச்சுட்டெண் ஆண்டுத் தொடக்கத்தைவிடச் சிறிது உயர்ந்தே நின்றது.

அங்ஙனமாயின் விற்றல் எக்காலத்தும் பிழையோ எனின், அன்று. 1929 செப்டெம்பரில் 381 ஆக இருந்த அதே சுட்டெண் 1932 யூலையில் 41 ஆயிற்று; பழைய உயரத்தை எய்த 1954 வரை சென்றது. 1929இல் விற்றவர் தப்பினார். ஆனால், 1930 ஏப்பிரிலில் அது 294 வரை ஏறியபோது, "ஆபத்து நீங்கிற்று" என்று நம்பி மீள வாங்கியவர் தப்பவில்லை. முதற்றீர்மானத்தில் வென்றவர் இரண்டாவதில் தோற்றார்.

நம் நாட்டில் மற்றொரு தடையுமுண்டு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது கொழும்புப் பங்குச் சந்தை மார்ச் 20 முதல் மே 11இல் மீளத் திறக்கும்வரை மூடப்பட்டிருந்தது. 2022 ஏப்பிரிலிலும் ஒரு வாரம் மூடப்பட்டது. எண்ணியவேளை விற்கலாம், எண்ணியவேளை வாங்கலாம் என்ற நினைப்பு, வேண்டிய நாளிலேயே பொய்த்துவிடும்.

திருக்குறளிற் காலமறிதல் 49ஆம் அதிகாரம்; வலியறிதல் அதற்கு முன் 48ஆம் அதிகாரமாக நிற்கிறது. இம்முறைவைப்பு நம் வினாவுக்கும் பொருந்தும். சந்தையின் காலத்தை அறிய முற்படுமுன், நம் வலியை நாம் அறிதல் வேண்டும். இப்பணம் நமக்கு எப்பொழுது தேவைப்படும்? அது பாதியாகக் குறைந்தாற் பொறுத்திருக்க நம்மால் இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தரகரிடம் இல்லை. நம் வீட்டுக் கணக்கில் உண்டு.

இதனையே பெரியாரிடமும் கேட்டோம். சிறிதுநேரம் வாளாவிருந்தவர், அடுத்த ஆண்டு மகளின் திருமணச் செலவும் அப்பணத்திலேயே இருப்பதாகக் கூறினார். "அப்பகுதியை இன்றே விற்று வங்கியில் இடுங்கள்; மீள வாங்க எண்ணாதீர்கள். எஞ்சியது பத்தாண்டு தேவைப்படாதாயின், அக்கம்பெனிகள் நன்னிலையில் உள்ளனவா என்று மட்டும் ஆராய்ந்து, ஆயின் இருக்க விடுங்கள்" என்றோம். அவ்வாறே செய்தார்.

சந்தை பின்னர் ஏறிற்றா, இறங்கிற்றா என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. திருமணச் செலவுக்குரிய பணம் அதனை நம்பியிருக்கவில்லை என்பதே போதும். பொருளீட்டப் புறப்படும் இளைய மாணவர் இவ்வொன்றை மனத்திருத்துவாராக: விற்குமுன் சந்தையைப் பாராதீர், முதலில் உம் கணக்குப் புத்தகத்தைப் பாரும்.