கையெழுத்தும் பாஸ்வேர்டும்: நம் கடைச் சர்வருக்கு ஒரு பாடம்

பேரேடு கையால் எழுதிய காலத்தில் ஒரு வசதி இருந்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும், இந்த வரி கணக்குப்பிள்ளை எழுதியது, இந்த வரி தம்பி எழுதியது என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரில் எல்லோர் எழுத்தும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. அங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுவது பயனர் பெயரும் அதற்குரிய பாஸ்வேர்டும் மட்டுமே. இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நல்ல ஆள் ஒருவரை இழந்துதான் தெரிந்துகொண்டோம்.

காந்தி மார்க்கெட் பகுதியில் எங்கள் மண்டியில் ஒரு சர்வரும் அதனுடன் இணைந்த ஐந்து கம்ப்யூட்டர்களும் உள்ளன. சர்வரைப் போட்டுக் கொடுத்தவர் அன்று வைத்த பாஸ்வேர்டே நான்கு வருடம் இருந்தது. கடைப் பெயர், அதன் பின்னால் 123. பில் போடுகிறவர், சரக்கு இருப்பு பார்க்கிறவர், எங்கள் தம்பி மகன், நாங்கள், எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போவோம். யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. சொல்லப்போனால் சௌகரியமாகவே இருந்தது.

2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், துறையூர் வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் 1,86,000 ரூபாய்க்குச் சரக்குத் திருப்பி வந்ததாக வரவு விழுந்திருந்தது. அவரோ சரக்கு எதுவும் திருப்பவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் குறிப்பைப் பார்த்தால் பதிவு செய்தவர் 'அட்மின்'. அந்த வேளையில் வழக்கமாகப் பில் மேஜையில் இருப்பவர் எங்களிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். நாங்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லாப் பெட்டியை மட்டும் அவரிடமிருந்து தம்பி மகனிடம் மாற்றினோம். அவருக்குப் புரிந்துவிட்டது. பத்து நாளில், முழங்கால் வலி, பாலம் தாண்டி வந்துபோக முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டார்.

ஏழு மாதம் கழித்து லால்குடி வாடிக்கையாளர் தம் கணக்கு நோட்டுடன் வந்து, ஆடியில் திருப்பிய புளிக்கு இன்னும் வரவு வைக்கவில்லையே என்று கேட்டார். அதே தொகை, அதே தேதி. துறையூர்க்காரரும் லால்குடிக்காரரும் ஒரே பெயருடையவர்கள். லாரி ரசீதில் இருந்தது எங்கள் தம்பி மகன் கையெழுத்து. பில்காரர் சாப்பிடப் போயிருந்த அரை மணி நேரத்தில் அவன் உட்கார்ந்து பெயர் மாறிப் பதிந்திருக்கிறான். அது அவனுக்கே நினைவில் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார். "நான் செய்யலைன்னு காட்ட எங்கிட்ட என்ன இருந்தது முதலாளி? பழைய சிட்டையா இருந்தா எழுத்து காட்டிக்கொடுத்திருக்கும்" என்றார். திரும்ப வேலைக்கு வரச் சம்மதிக்கவில்லை.

தனித்தனிப் பாஸ்வேர்டு வைப்பது ஆட்களை நம்பாததற்கு அடையாளம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அன்று ஆளுக்கொரு பெயர் இருந்திருந்தால் முதலில் தப்பித்திருப்பவர் அந்தப் பில்காரர்தான்.

இனி சர்வர் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் சர்வரில், கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே டொமைனில் இணைந்திருந்தால், 'டிஃபால்ட் டொமைன் பாலிசி' என்ற இடத்தில் பாஸ்வேர்டு விதிகள் இருக்கும். டொமைன் இல்லாத சிறு கடைகளில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யில் இதே விதிகளைத் தனித்தனியே வைக்க வேண்டும். டொமைனில் கம்பெனி வைத்து அனுப்பும் கணக்கு இது: பாஸ்வேர்டு குறைந்தது 7 எழுத்து, 42 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கடைசி 24 பாஸ்வேர்டுகளைத் திரும்ப வைக்கக் கூடாது, ஒருமுறை மாற்றினால் 1 நாள் கழித்தே மறுபடி மாற்றலாம்.

இந்தக் கடைசி விதி எதற்கு என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. அது இல்லாவிட்டால் நம் பையன்கள் ஒரே மணி நேரத்தில் இருபத்து நான்கு முறை மாற்றிவிட்டுப் பழைய பாஸ்வேர்டுக்கே வந்து நின்றுவிடுவார்கள். விதி எழுதியவரும் ஒரு கடையில் இருந்திருப்பார் போலும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி ஆகியவற்றில் மூன்று வகையாவது கலந்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஸ்ரீரங்கம்@123 என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் அந்த விதிக்குப் பொருந்திவிடும். திருடன் முதலில் அடித்துப் பார்ப்பதும் அதுபோன்றதைத்தான். நீளமே முக்கியம். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புப் பரிந்துரையில் 14 எழுத்து என்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் இருபது எழுத்து தாண்டிவிடும், மறக்கவும் மறக்காது. மிளகாய், பரிசல், திண்ணை, நாலணா என்பது போல. இங்கே அச்சானதை யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

42 நாளுக்கு ஒருமுறை மாற்றுவது பற்றி இன்று கருத்து மாறிவிட்டது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியை எழுதிய பில் பர், அதில் சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் சொன்னார். அந்த நிறுவனமும் அதே ஆண்டில், காரணமின்றி நாள் கணக்குப்படி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று திருத்தியது. 2019இல் மைக்ரோசாஃப்டும் தன் பரிந்துரையிலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அல்லது சீட்டில் எழுதித் திரையில் ஒட்டுவார்கள். இரண்டையும் எங்கள் மண்டியிலேயே பார்த்துவிட்டோம். பாஸ்வேர்டு வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் மட்டும் அன்றே மாற்றுவது என்று வைத்திருக்கிறோம். லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அதில் வழக்கமாக உள்ள கெடு 99,999 நாள், அதாவது சுமார் 273 வருடம். தேவையானால் 'சேஜ்' என்ற கட்டளையால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

தவறான பாஸ்வேர்டைப் பலமுறை அடித்தால் கணக்கைப் பூட்டிவிடும் வசதி விண்டோஸ் டொமைனில் பெரும்பாலும் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும். அதை நாமே இயக்க வேண்டும். நாங்கள் முதலில் 3 முறை என்று வைத்தோம். பொங்கலுக்கு முந்திய விடியற்காலையில், லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது, தூக்கக் கலக்கத்தில் பில்காரர் மூன்று முறை தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டார். வண்டிகள் வரிசையில் நின்றன, டிரைவர்கள் பேசிய பேச்சை எழுத முடியாது. இப்போது 10 முறை, 15 நிமிடம்.

இங்கிலாந்தில் 1865இல் தொடங்கிய ஒரு லாரிப் போக்குவரத்து நிறுவனம், சுமார் 500 லாரிகள் ஓட்டியது, 2023இல் மூடப்பட்டது. ஊழியர் ஒருவரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே புகுந்தவர்கள் கணக்குகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள் என்று கருதப்படுகிறது. சுமார் 700 பேருக்கு வேலை போயிற்று. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் பல நாள் நின்றதற்குக் காரணம், யாரும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு பழைய கணக்கு. மூடாமல் கிடந்த அதன் பாஸ்வேர்டு முன்பே வெளியே கசிந்திருந்தது.

நம் மண்டிகளிலும் அப்படி எத்தனையோ கணக்குகள் கிடக்கின்றன. ஆள் நின்ற அன்றே, சம்பள பாக்கி தீர்க்கும்போதே, அவர் பயனர் கணக்கை முடக்கிவிட வேண்டும். அழிக்க வேண்டாம். அழித்தால் பழைய பதிவுகளில் இவர் யார் என்று பிறகு பார்ப்பது கடினமாகிவிடும். டாலியிலும் ஆளுக்கொரு பெயரும் அதிகாரமும் தனியே வைக்கலாம். பில் போடுகிறவருக்குப் பழைய தேதியைத் திருத்தும் அதிகாரம் தேவையில்லை.

இ-வே பில் தளத்திலும் இப்படியே. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களும் பாஸ்வேர்டுடன் செல்பேசிக்கு வரும் எண்ணையும் கொடுத்தே நுழைய வேண்டியிருக்கிறது. முதலாளியின் போனுக்கு வரும் எண்ணைக் கூவிச் சொல்லும் கடைகள் சிலவற்றை நாங்கள் அறிவோம். அந்தத் தளத்திலேயே ஊழியர்களுக்குத் துணைப் பயனர் கணக்கு உண்டாக்கி, அவரவர் செல்பேசி எண்ணைச் சேர்த்துவிடலாம்.

சர்வரின் 'அட்மின்' பாஸ்வேர்டு இப்போது எங்களிடமும் தம்பியிடமும் மட்டும் உள்ளது. தாளில் எழுதி, உறையில் அரக்கு வைத்து, இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அன்றாட வேலைக்கு அந்தப் பெயரில் நாங்களும் நுழைவதில்லை. சர்வர் போடுகிறவர் வைத்துப் போன பாஸ்வேர்டை, அவர் படி இறங்கியதும் மாற்றிவிடுங்கள். அதே பாஸ்வேர்டை அவர் பக்கத்துக் கடையிலும் வைத்திருப்பார். எங்களுக்கு வைத்தது அப்படித்தான் இருந்தது.

எங்கள் மண்டியில் வைத்திருக்கும் விதிகளை ஒரே தாளில் எழுதிப் பில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல், வியாபாரம் ஓய்ந்தபின் வரலாம். பாஸ்வேர்டு எதுவும் அதில் இல்லை.