வீட்டுப் படப் பெட்டகத்திற்கு ஏற்ற சிக்கனக் கணினி

நம் இல்லங்கள் பலவற்றில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கும். அண்ணனின் திருமணம், தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியவற்றைப் பதிவு செய்த வீடியோ நாடாக்கள் அதனுள் இருக்கும். அத்தோட்டங்களுள் சில இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கு வாழ்ந்து மறைந்தோர் பலரின் முகமும் குரலும் அந்நாடாக்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஆனால், அவற்றை ஓட்டும் கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆதலால், இருக்கும் கருவி பழுதடையும் முன்னரே நாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றிக்கொள்வது அறிவுடைமையாகும்.

மாற்றிய கோப்புகளை எங்கு வைப்பது? வீட்டின் ஒரு மூலையில் சிறிய கணினி ஒன்றில் சேமித்து வைத்தால், கூடத்திலுள்ள தொலைக்காட்சியிலும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் வேண்டியபோது பார்க்கலாம். இவ்வாறு சேமித்து அனுப்பும் கணினியையே ‘சர்வர்’ என்பர். அதனைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

கணினி செய்யும் மூன்று வேலைகள்

இக்கணினிக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, கோப்புகளைச் சேமித்தல். இரண்டாவது, கேட்கும் கருவிக்கு அவற்றை அனுப்புதல். இவ்விரண்டும் எளியவை, பழைய கணினியும் களைப்பின்றிச் செய்யும். மூன்றாவது வடிவமாற்றம். தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவில் ஒரு படம் இருந்தால், கணினி அதனை அந்நேரத்திலேயே வேறு வடிவிற்கு மாற்றி அனுப்ப வேண்டும். இதுவே கடினமான வேலை. இதற்கு அஞ்சியே பலர் தேவைக்கு மிஞ்சிய விலையில் கணினி வாங்கிவிடுகின்றனர்.

இவ்வேலையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். நம் குடும்பப் படங்களை முன்கூட்டியே ஒரு முறை எச்.264 எனும் வடிவிற்கு மாற்றி வைத்துவிட்டால், இன்றுள்ள ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் அவற்றை அப்படியே காட்டும். ஹேண்ட்பிரேக் எனும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். இரவில் மாற்ற விட்டுவிட்டு உறங்கச் செல்லலாம், அவசரம் ஏதுமில்லை.

எந்தக் கணினி?

சிற்சில வேளைகளில் வடிவமாற்றம் தேவைப்படவே செய்யும். அதற்குச் செயலியின் வேகத்தைவிட அதனுள் அமைந்துள்ள படப் பகுதியே முக்கியம். இண்டெல் நிறுவனத்தின் 7ஆம் தலைமுறைச் செயலிகள் முதல், எச்.265 எனும் புதிய வடிவத்தின் 10 பிட் வகையையும் இப்பகுதியே கையாளுகின்றது. ஆனால், பெயரின் இறுதியில் ‘எஃப்’ எனும் எழுத்துடைய இண்டெல் செயலிகளில் இப்பகுதி செயற்படாது. அவற்றை வாங்காதிருத்தல் நலம்.

இங்கு நமக்கு ஒரு நல்வாய்ப்பு உள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. 7ஆம் தலைமுறைச் செயலிகளுள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆதலால், அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு கணினிகள் பழைய பொருட்கடைகளுக்கு வருகின்றன. டெபியன் போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால், அவை இன்னும் பல்லாண்டு உழைக்கக் கூடியவை. 8 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் போதுமானது. புதிதாகவே வாங்க விரும்புவோர், 2023ஆம் ஆண்டில் வெளிவந்த என்100 எனும் இண்டெல் செயலியுடைய சிறு கணினியைக் கருதலாம். ராஸ்பெர்ரி பை 5 எனும் சிற்றட்டைக் கணினி கோப்புகளை அப்படியே அனுப்பும். ஆயினும், படத்தை மறுவடிவாக்கும் தனிப் பகுதி அதில் இல்லை.

மின்கட்டணத்தை மறவாதீர்

இலவசமாகக் கிடைத்த பெரிய பழைய கணினி உண்மையில் இலவசமானதன்று. சர்வர் இரவும் பகலும் இயங்குவது. 70 வாட் மின்சாரம் கொள்ளும் கணினி ஓர் ஆண்டில் ஏறக்குறைய 613 யூனிட் செலவிடும். 10 வாட் கொள்ளும் சிறு கணினிக்கு 88 யூனிட்டே ஆகும். ஒரு யூனிட்டிற்கு 40 சென் எனக் கணக்கிட்டால், ஆண்டொன்றுக்கு 210 வெள்ளி வேறுபாடு. மூன்றாண்டுகளில் 630 வெள்ளி! அத்தொகையை வேறு நற்செலவிற்கு வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

வன்தட்டே உயிர்நாடி

கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். அண்ணனின் திருமணப் படம் அழிந்தால் எக்கடையிலும் வாங்க இயலாது. ஆகவே, செலவில் முதலிடம் வன்தட்டிற்கே உரியது. இயங்குதளத்தைச் சிறிய எஸ்.எஸ்.டி.யிலும், படங்களைப் பெரிய வன்தட்டிலும் வைப்பது முறை. ஒரு சாதாரண டி.வி.டி. வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், எனவே, 1 டெராபைட் தட்டில் ஏறத்தாழ 200 வட்டுகள் அடங்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு 2 அல்லது 4 டெராபைட் தாராளம். 3.5 அங்குல வன்தட்டு சிறு கணினியினுள் பொருந்தாது. தனி மின்னிணைப்புடைய வெளிப்பெட்டியில் அதனைப் பொருத்த வேண்டும். கணினியைப் பழையதாக வாங்கலாம்; வன்தட்டைப் பழையதாக வாங்குதல் ஆகாது.

வாங்கும்போது ஒன்றல்ல, இரண்டு தட்டுகள் வாங்குக. இரண்டையும் ஒரே கணினியில் எந்நேரமும் இணைத்து, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் தானே எழுதப்படுமாறு அமைப்பது காப்பாகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் கருகும். இரண்டாம் தட்டில் மாதம் ஒரு முறை படியெடுத்து, இணைப்பைக் கழற்றி, வேறோர் ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில் வைத்தலே உண்மையான காப்பு. மாற்றி முடித்த பின்னரும் மூல நாடாக்களை எறிந்துவிடலாகாது.

கம்பியும் இடியும்

சர்வரை இணையப் பெட்டியுடன் கம்பியால் இணைப்பது நன்று. டி.வி.டி. படத்திற்கு நொடிக்குச் சுமார் 10 மெகாபிட்டும், புளூரே படத்திற்கு 40 மெகாபிட் வரையும் தேவைப்படும். சாதாரண ஜிகாபிட் கம்பி 1,000 மெகாபிட் தாங்கும். நம் நாட்டில் இடிமின்னல் மிகுதி என்பதால், மின்னழுத்தத் தடுப்புடைய நீட்டிப்புப் பலகை கட்டாயம் வேண்டும். வசதியுடையோர் சிறிய யூ.பி.எஸ். கருவியும் வைக்கலாம், மின்சாரம் திடீரெனத் தடைப்படும்போது தட்டிலுள்ள கோப்புகள் கெடாது காக்கும்.

மென்பொருளும் சட்டமும்

2018ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய ஜெல்லிஃபின் எனும் மென்பொருள் முற்றிலும் இலவசமானது. பிளெக்ஸ் எனும் மற்றொன்றில், படப் பகுதியைக் கொண்டு வடிவமாற்றம் செய்யக் கட்டணம் உண்டு. நமக்கு முன்னதே போதும்.

“எல்லாப் படமும் இலவசம்” என்று கூவி விற்கப்படும் பெட்டிகளைக் கண்டு மயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு 2022ஆம் ஆண்டில் கொணரப்பட்ட திருத்தத்தின்படி, பிறர் படைப்புகளை உரிமையின்றிக் காட்டுவதற்கான அத்தகைய கருவிகளை விற்பது குற்றமாகும். நம் பெட்டகத்தில் நம் குடும்பப் பதிவுகளும் முறையாகப் பெற்ற படைப்புகளுமே இடம்பெறுதல் வேண்டும்.

கடைக்குச் செல்லும் முன்

கையிலுள்ள பணத்தை இவ்வரிசையில் பங்கிடுக: முதலில் இரண்டு புதிய வன்தட்டுகள், அடுத்து மின்தடுப்புப் பலகை, எஞ்சியதில் கணினி. கடையில் கணினியை இயக்கிக் காட்டச் சொல்லி, செயலியின் தலைமுறையையும், விசிறியின் ஓசையையும், மின்னேற்றி உடன் வருகிறதா என்பதையும் பார்த்து வாங்குக.

வேகமான கணினி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். பத்திரமாக வைத்த இரண்டாம் படியோ, தாத்தா பாட்டியின் குரலைப் பேரப்பிள்ளைகளுக்குக் கேட்கச் செய்யும். சிக்கனம் என்பது குறைவாகச் செலவிடுதல் மட்டுமன்று. எதனை இழக்கலாகாதோ அதற்கு முதலில் செலவிடுதலே ஆகும். வரும் விடுமுறையில் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கித் தூசு தட்டுவோமாக!