காரின் அடியில் ஒரு மின்கலம்

பழைய அம்பாசடர் கார் ஒன்றை அருகில் நின்று பார்த்திருப்பீர்கள். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான வண்டி அது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. இன்று அதைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் உண்டு. அவர்களை மிகவும் சோதிப்பது துரு.

மழை நேராக விழுவது காரின் கூரைமீது. ஆனால் துரு முதலில் அரிப்பது கூரையை அல்ல. மட்கார்டின் உட்புறத்தையும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உள்ளீடற்ற பெட்டித் தகட்டையும்தான். ஏன்?

விடையை ஒரு சோதனையில் காணலாம். ஆசிரியரின் துணையுடன் செய்யுங்கள். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டின்மீது உப்புக்கரைசல் சொட்டு ஒன்றை வையுங்கள். கரைசலில் முன்பே சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சில துளி ஃபினாப்தலீனும் கலந்திருக்க வேண்டும். முதலில் நீலமும் இளஞ்சிவப்பும் அங்கங்கே புள்ளிகளாகத் தோன்றும். சற்றுப் பொறுத்தால் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்து நிற்கும். கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யு. ஆர். எவான்ஸின் பெயரால் வழங்கும் சோதனை இது.

நீலம், இரும்பு அயனியாகக் கரைவதைக் காட்டுகிறது. இளஞ்சிவப்பு, ஹைட்ராக்சைடு அயனி உண்டாவதைக் காட்டுகிறது. விளிம்பில் காற்று எளிதாகக் கரைகிறது. அங்கே ஆக்சிஜனும் நீரும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. அந்த எலெக்ட்ரான்களைக் கொடுப்பது, ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி. அதாவது நடுப்பகுதி ஆனோடு, விளிம்பு கேதோடு, தகடே மின்கம்பி, உப்புநீரே மின்பகுளி. ஒரே சொட்டுக்குள் ஒரு மின்கலம்! ஆக்சிஜன் இல்லாமல் துரு இல்லை. ஆயினும் இரும்பு கரைவது ஆக்சிஜன் குறைந்த இடத்தில். இந்த முரணைப் புரிந்துகொண்டால் காரின் கதையும் புரிந்துவிடும். மட்கார்டின் உள்ளே அப்பிய ஈரச் சேறும், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கும் அந்தச் சொட்டின் நடுப்பகுதிக்குச் சமம்.

இந்த மின்னோட்டம் எவ்வளவு? 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளம், 0.9 மி.மீ. தடிப்புள்ள தகடு கரைந்து ஓட்டை விழுவதாகக் கொள்வோம். அதன் எடை சுமார் 7 கிராம். ஃபாரடேயின் விதிப்படி, 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.04 கிராம் இரும்பு கரையும். பத்து ஆண்டுகளில் இந்த ஓட்டை விழ, இடைவிடாது ஓட வேண்டிய மின்னோட்டம் 80 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு! 0.3 ஆம்பியர் இழுக்கும் டார்ச் பல்பு ஒன்றோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. கணக்கை நீங்களும் போட்டுச் சரிபாருங்கள்.

அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. மடித்துப் பற்றவைத்த தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்கடியில் உள்ள பெட்டித் தகடு அரித்துப்போனால் உடல் தொய்யும், கதவுகள் சரியாகச் சாத்தாது, மோதலின்போது பயணிகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் குறையும். ஆகையால்தான், துருவின்மேல் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடிக்கும் வேலையை நான் ஏமாற்று வேலை என்பேன். பட்டிக்கு அடியில் ஈரம் தங்கும், மின்கலம் நிற்காது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை எடுத்துப்போவது மேல். இரும்புத் தகட்டில் அது கவ்வும். கனத்த பட்டியின்மேல் வழுக்கி விழும்.

நல்ல டிங்கரிங் பட்டறையில், கண்ணுக்குத் தெரியும் துருவோடு நிறுத்தாமல், பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள புதுத் தகட்டைப் பற்றவைப்பார்கள். ஒரே மூச்சில் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். எனவே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புவார்கள்.

கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்கு இன்னொரு வழி உண்டு. சலவைச் சோடாக் கரைசலில் பாகத்தை அமிழ்த்தி, 12 வோல்ட் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்கிறார்கள். நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் தகடு. துரு தளர்ந்து உதிரும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. எவர்சில்வர் தகட்டை நேர்முனையில் வைக்கவே கூடாது. நச்சான குரோமியச் சேர்மம் கரைசலில் சேரும்.

அடுத்தது துத்தநாகத்தூள் நிறைந்த பிரைமர். துத்தநாகத்தின் மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்பினுடையது −0.44. பெயிண்டில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முந்திக்கொண்டு தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். துருவின்மேல் பூசினால் மின்தொடர்பு இல்லை. பூசிய காசு வீண்.

கடைசியில், பெட்டித் தகட்டின் உள்ளே மெழுகுக் கரைசலைப் பீய்ச்சுவார்கள். அதன் அடியில் நீர் வடிவதற்காக விட்ட சிறு துளைகளை மழைக்காலத்துக்கு முன் ஒரு கம்பியால் குத்திச் சேற்றை எடுத்துவிட வேண்டும்.