வெயிற்காப்புப் பூச்சு: பயனும் ஐயமும்

உயிர்கள் நிலைபெறுதற்குக் காரணமாகிய ஞாயிறே மேனிக்கு ஊறு விளைப்பதும் உண்டு. அதன் ஊதாக் கடந்த கதிர்கள் தோற்கலங்களின் மரபுப் பொருளைச் சிதைத்து, நாளடைவிற் புற்றுநோய்க்கு வித்திடுகின்றன. கரிய மேனியர்க்கு மெலனின் என்னும் நிறப்பொருள் இயற்கைக் காவலாயினும், அது முழுக்காவலன்று.

இக்கதிர்களைத் தடுக்கும் பூச்சுக்கள் இருவகையின. நாக ஒட்சைட்டு, தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் கனிமத் தூள்கள் கொண்டவை ஒருவகை; ஒட்சிபென்சோன் முதலிய சேதனச் சேர்வைகள் கொண்டவை மற்றொருவகை.

பூச்சின் பயன் வெறும் நம்பிக்கையன்று. அவுஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 1,621 பேர் பங்குபற்றினர். நாள்தோறும் பூசியோரிடத்துச் செதிற்கலப் புற்றுநோய்க் கட்டிகள் ஏறக்குறைய 40 வீதம் குறைந்தன என 1999 இல் அறிவிக்கப்பட்டது. அடிக்கலப் புற்றுநோயில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

ஆயினும் ஐயங்களும் எழுந்தன. ஐரோப்பாவில் அழகுப்பொருளாகக் கொள்ளப்படும் இப்பூச்சு, ஐக்கிய அமெரிக்காவில் மருந்தாகக் கொள்ளப்படுவது. அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகம் 24 பேரிடத்து நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்சிபென்சோன் உள்ளிட்ட சில சேர்வைகள் தோலினூடு குருதியிற் கலந்தமை தெரியவந்தது. அவற்றின் செறிவு, மேலதிக நச்சியற் சோதனை வேண்டப்படாத எல்லையாகிய மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராமை விஞ்சியிருந்தது. அவ்வாண்டின் வரைவு விதியில் முற்கூறிய இரு கனிமங்களே பாதுகாப்பானவை எனக் கொள்ளப்பட்டன. வேறு 12 சேர்வைகளுக்கு மேலும் சான்று கேட்கப்பட்டது. எனினும் பூச்சைக் கைவிடுமாறு அந்நிருவாகம் கூறவில்லை. குருதியிற் கலத்தல் வேறு. கேடு விளைத்தல் வேறு.

கடலைப் பற்றிய ஐயமும் இத்தகையதே. ஆய்வுகூடத்தில் ஒட்சிபென்சோன் முருகைக் குடம்பிகளைத் தாக்கக் காணப்பட்டது. ஹவாய் மாநிலம் 2018 இற் சட்டமியற்றி, அதனையும் ஒக்டினொக்சேற்றையும் கொண்ட பூச்சுக்களை மருத்துவர் சீட்டின்றி விற்பதை 2021 முதல் தடுத்தது. பலாவு நாட்டின் தடை 2020 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் முருகைக்கற்பார்கள் வெளிறுதற்குத் தலையாய காரணம் கடல்நீர் வெப்பமடைதலேயாம். பூச்சைத் தடுத்த அளவில் அவை பிழைத்துவிடும் என மயங்குதல் தகாது.

மாணவர்கள் இதனின்று அறியத்தக்கது யாது? ஐயம் எழுந்தது என்பதற்காக நிறுவப்பட்ட பயனைத் துறத்தலும், பயன் உண்டு என்பதற்காக ஐயத்தைப் புறக்கணித்தலும் ஒருங்கே பிழையாம். பூச்சு வேண்டுவோர் கனிம வகையைக் கொள்க. நண்பகலில் நிழலையும் குடையையும் நெடுங்கைச் சட்டையையும் முதற்காவலாகக் கொள்க. அவை குருதியிற் கலப்பனவுமல்ல, கடலிற் கரைவனவுமல்ல.