கோடு எங்கே போகிறது?

மட்டாஞ்சேரி, கொச்சியின் பழைய கடைத்தெரு. மிளகும் சுக்கும் ஏலக்காயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய இடம். இங்கே மலையாளம் மட்டும் கேட்காது. கொங்கணி கேட்கும், குஜராத்தி கேட்கும், தமிழும் கேட்கும். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் ஒரு சலவைத் துறை இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன.

இங்கே சந்துகள் குறுகல். வீடுகள் நெருக்கம். இப்படி ஒரு சந்துக்குள் இருக்கும் அங்கன்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் குழந்தை வந்திருக்கிறது. வயது 9 மாதம். தூக்கி வந்தவர் பாட்டி. தாய் வேலைக்குப் போயிருக்கிறாள்.

தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று டீச்சர் பார்த்தார். குழந்தையின் சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு எடை பார்த்தார். 7 கிலோ.

"போன மாதம் 7 கிலோ 100 கிராம். இப்போது 100 கிராம் குறைந்திருக்கிறது, அம்மா."

"கன்னத்தைப் பாருங்க டீச்சர்! கொழுகொழுன்னு இருக்கா. பச்சையிலதானே இருக்கா? போன தடவை நீங்கதானே சொன்னீங்க?"

பாட்டி சொன்னது பொய் இல்லை. குழந்தையின் அட்டையில் மூன்று நிறங்கள் உண்டு. பச்சை என்றால் வயதுக்கு ஏற்ற எடை. மஞ்சள் என்றால் எடை குறைவு. ஆரஞ்சு என்றால் எடை மிகவும் குறைவு. 9 மாதப் பெண் குழந்தையின் எடை 6 கிலோ 500 கிராமுக்குக் கீழே போனால்தான் மஞ்சள். இந்தக் குழந்தை 7 கிலோ. பச்சைதான்.

ஆனாலும் டீச்சரின் முகம் வாடியது. அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தார்.

ஒவ்வொரு மாதமும் எடைக்கு ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு மேலே ஏறினால் குழந்தை வளர்கிறது. இந்தக் குழந்தைக்கு 6ஆம் மாதம் 7 கிலோ. 7ஆம் மாதம் 7 கிலோ 100 கிராம். 8ஆம் மாதமும் அதே 7 கிலோ 100 கிராம். இப்போது மீண்டும் 7 கிலோ. 6 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் ஒரு பெண் குழந்தை ஏறக்குறைய 900 கிராம் கூட வேண்டும். இவள் ஒரு கிராமும் கூடவில்லை. கோடு படுத்துவிட்டது. பிறகு கீழே சாய்ந்துவிட்டது. கோடு இப்படியே போனால் சில மாதங்களில் மஞ்சளில் இறங்கிவிடும். இறங்கும்வரை காத்திருந்தால் கோட்டைத் திரும்ப ஏற்றுவது கடினம்.

கன்னத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தினமும் தூக்கிக் கொஞ்சுகிறவர்களுக்கு இன்னும் முடியாது.

பாட்டி அட்டையை வாங்கிப் பார்த்தார். அட்டை மலையாளத்தில் இருந்தது. அதனால் என்ன? எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். கோட்டுக்கு மொழியே கிடையாது. எறணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மாவட்டம். அந்த நாட்களில் வகுப்புக்குப் போய் எழுத்தும் எண்ணும் கற்றவர் இந்தப் பாட்டி. விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் படித்தார். பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

"அவளுக்கு என்ன கொடுக்கிறீர்கள், அம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"போன மாசம் வயித்தால போச்சு. சோறு செரிக்காதுன்னு கஞ்சித் தண்ணிதான் கொடுக்கிறேன். வயிறு நிறையக் குடிக்கிறா."

"நாங்கள் கொடுத்த அமிர்தம் பொடி?"

"பெரியவன் பசின்னு அழுதான். அவனுக்கு அடை சுட்டுக் கொடுத்துட்டேன்."

டீச்சர் கோபப்படவில்லை. பல வீடுகளில் நடப்பது இதுதான். அமிர்தம் பொடியைக் கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கிறார்கள். கோதுமை, கடலை, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்தது. 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைக்கென்று கொடுப்பது. வீட்டில் வேறு பசி இருந்தால் அது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேருவதில்லை. பொட்டலம் வாங்கினார்களா என்று மட்டும் பதிவேட்டில் எழுதினால் இது தெரியாது. தராசுதான் காட்டிக்கொடுத்தது.

கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்பும். உடம்பை வளர்க்காது. குழந்தையின் வயிறு சின்னது. அதில் தண்ணீரை நிரப்பினால் சோற்றுக்கு இடம் இல்லை. சோற்றையும் பருப்பையும் குழைத்து, கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் ஊட்ட வேண்டும். அதில் ஒரு சிறு கரண்டி தேங்காய் எண்ணெய் விடலாம். முட்டை சேர்க்கலாம். மத்தி மீனை முள் நீக்கி மசித்துக் கொடுக்கலாம். 9 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு முறை ஊட்ட வேண்டும். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நோயில் இழந்ததைக் குழந்தை அப்போதுதான் மீட்கும். எடை குறைந்திருப்பதால் சுகாதார நிலையத்திலும் காட்டச் சொன்னார் டீச்சர்.

மத்தி என்று சொல்வது எளிது. அது மலிவாகக் கிடைக்க வேண்டுமே! கேரளக் கரையில் 2012இல் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் சுமார் 3,300 டன்தான். கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொன்ன கணக்கு இது. பிறகு மீன் மீண்டும் கூடியது. கடலில் மீன் குறைந்தால் அந்தக் குறை ஏழைக் குழந்தையின் தட்டுக்கும் வரும்.

இந்த அட்டை எப்படி வந்தது? 1950களில் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் நைஜீரியா நாட்டில் வேலை செய்தார். குழந்தை நோயாகி வந்த பிறகு மருந்து கொடுப்பது அவருக்குப் போதவில்லை. மாதாமாதம் எடை பார்த்துக் கோடு வரையும் அட்டையை உருவாக்கினார். அதைத் தாயின் கையிலேயே கொடுத்தார்.

தமிழ்நாட்டில் 1980இல் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடத்திப் பார்த்தார்கள். 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு மாதம் ஒரு முறை எடை. எடை மிகக் குறைந்த குழந்தைக்கும், எடை ஏறாத குழந்தைக்கும் 90 நாள் சத்துணவு. எடை ஏறத் தொடங்கியதும் உணவு நிற்கும். உணவு கொடுப்பதை முடிவு செய்தது தராசு. அந்நாளில் இது புதுமை.

இன்று அட்டையில் இருக்கும் அளவுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து எடுத்த கணக்கு. அந்த ஆறில் இந்தியாவும் ஒன்று.

இது ஒரு குழந்தையின் கணக்கு. ஒரு மாநிலம் முழுவதும் என்ன சாப்பிடுகிறது என்பதை எப்படி அறிவது? வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். ஆனால் கேட்டு அறிவதில் பிழை வரும். கேரளத்திலேயே அப்படி நடந்தது. இந்தியாவில் மிகக் குறைவாக உண்பவர்கள் கேரள மக்கள் என்று ஒரு காலத்தில் அரசின் செலவுக் கணக்கு காட்டியது. ஆனால் குழந்தைச் சாவு கேரளத்தில்தான் குறைவு. இது எப்படி? திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் இதை ஆராய்ந்தது. அந்த ஆய்வு 1975இல் வெளிவந்தது. மக்கள் தின்ற மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் கணக்கில் சரியாக ஏறவில்லை என்று தெரிந்தது. கொல்லையில் பிடுங்கித் தின்ற கிழங்குக்கு ரசீது ஏது?

ஆகவே உணவைக் கேட்பதோடு உடம்பையும் அளக்க வேண்டும். 1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு இரண்டையும் செய்தது. அது 2015இல் மூடப்பட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வு 1992இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. அந்த ஆய்வு கேரளத்தைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள். 2015-16இல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 20 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். 2019-21இல் அது 23 ஆகிவிட்டது. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலத்தில் கோடு தவறான பக்கம் போயிருக்கிறது. அளக்காமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. 15 முதல் 49 வயது வரை உள்ள கேரளப் பெண்களில் 100க்கு 38 பேருக்கு எடை அதிகம். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரத்தத்தில் சர்க்கரை அதிகம், அல்லது அதற்கு மருந்து சாப்பிடுகிறார். பேத்திக்கு எடை ஏறவில்லை என்று சுகாதார நிலையத்துக்குப் போன பாட்டிக்கும் அங்கே விரலில் ஊசி குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை கூடியிருந்தது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, நடுவில் சர்க்கரை போட்ட டீ. ஒரே அடுப்பு, ஒரே பானை. பேத்திக்குப் போதவில்லை, பாட்டிக்கு மிஞ்சிவிட்டது.

"அவளுக்குக் கோடு ஏறணும். எனக்கு இறங்கணுமா?" என்று பாட்டி சிரித்தார்.

இப்போது அங்கன்வாடியில் எடையைச் செல்போனிலும் பதிகிறார்கள். 2021இல் இந்த முறை வந்தது. மேலதிகாரிக்குக் கணக்கு உடனே போய்விடும். அட்டையில் புள்ளி வைக்க நேரம் இல்லாமல் போவதும் உண்டு. "எங்கள் அட்டையிலும் எழுதித் தாருங்கள்" என்று தாய் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு.

பயிற்சி: பாட்டியின் பேத்திக்கு 10ஆம் மாதம் 7 கிலோ 300 கிராம். 11ஆம் மாதம் 7 கிலோ 700 கிராம். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். 6ஆம் மாதம் முதல் 11ஆம் மாதம் வரை புள்ளி வைத்துக் கோடு வரையுங்கள். எந்த மாதத்தில் கோடு முதலில் படுத்தது? எந்த மாதத்தில் எழுந்தது?