வெள்ளித்திரையும் இலக்கிய வரலாறும்

திரைப்படங்களில் நேரும் பிழைகள் இருவகைப்படும். ஒரு காட்சியில் வலக்கையில் இருந்த வளையல் அடுத்த காட்சியில் இடக்கைக்கு மாறியிருப்பது தொடர்ச்சிப் பிழை. நடந்ததையே மாற்றிக் காட்டுவது செய்திப் பிழை. முன்னது நகைப்பிற்குரியது, அரங்கை விட்டு வெளிவந்ததும் மறந்துபோவது. பின்னதோ உள்ளத்தில் வரலாறாகவே தங்கிவிடுகிறது.

அடி அண்ணாமலையிலிருந்து வந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், 'பாரி மகளிர்க்கு மணமுடிக்க முயன்றவர் யார்?' என்னும் வினாவிற்கு 'ஔவையார்' என விடை எழுதினார். எந்நூலில் கண்டீர் என வினவினோம். "படத்தில் பார்த்தேன், ஐயா" என்றார்.

அவர் குறிப்பிட்டது 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'ஔவையார்'. கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரின் நடிப்பும் குரலும் அப்படத்திற்கு அழியாப் புகழ் தந்தன. ஆயின், அதில் பல காலத்து ஔவையார் ஒருவராகிவிட்டனர். சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் பாடியவர் ஒருவர். ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். பாரி மகளிர்க்கு அங்கவை, சங்கவை என்னும் பெயர்களும் சங்கப் பாடல்களில் இல்லை. அவை பிற்கால வழக்கு. எனவே, இது படம் எடுத்தோர் புதிதாகச் செய்த பிழையன்று; தனிப்பாடல் மரபிலிருந்து திரைக்கு ஏறியதாகும்.

உண்மை யாது? பறம்பு வீழ்ந்தபின் நண்பனின் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று இரந்து நின்றவர் கபிலர். புறநானூற்றின் 200 முதல் 202 வரையுள்ள பாடல்கள் இதற்குச் சான்று. திருக்கோவலூர் வீரட்டானத்தில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, கபிலர் பாரி மகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்தார் என்கிறது. புறநானூற்றுக் குறிப்போ அவர் வடக்கிருந்தார் என்கிறது. சான்றுகளுள்ளும் வேறுபாடு உண்டு. அவற்றை ஒப்புநோக்குவதே ஆய்வு.

அம்மாணவரைத் திருக்கோவலூருக்கு அழைத்துச் சென்று, தென்பெண்ணையாற்றினுள் நிற்கும் கபிலர் கல்லைக் காட்டினோம். நெடுநேரம் பேசாது நின்றவர், "என் ஊருக்கு இவ்வளவு அருகிலா, ஐயா?" என்றார்.

இறந்த நண்பனுக்காக அரசர் வாயில்தோறும் நின்ற ஒருவரின் நன்றிக்கடன், வேறொருவர் பெயரில் எழுதப்படுவது சிறு பிழையன்று. மாணவச் செல்வங்களே, திரைப்படத்தைக் கண்டு மகிழுங்கள். விடைத்தாளில் எழுதுமுன் மூலநூலைப் புரட்டுங்கள்.