எந்த மின்னஞ்சல் மென்பொருள்? கடிதங்கள் உங்கள் கணினியிலும் இருக்க ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டியதும் வருகிற ஊர் வாலிகண்டபுரம். இங்கே மின்னஞ்சல் யாருக்கெல்லாம் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் வாங்கி விற்பவருக்கு ஜிஎஸ்டி அறிவிப்பு அதில்தான் வருகிறது. கம்பெனியாகப் பதிவு செய்துகொண்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஆடிட்டர் கேட்கும் விளக்கம், வங்கிக் கடன் கடிதம், விதை கம்பெனியின் விலைப்பட்டியல் எல்லாம் அதில்தான். பள்ளி அலுவலகத்துக்கு மேலிடத்துச் சுற்றறிக்கை, வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்குத் தேர்வாணையத்தின் தகவல், லாரிப் பட்டறைக்கு இன்சூரன்ஸ் சர்வேயரின் கேள்வி.

பெரும்பாலோர் கைப்பேசியில் ஜிமெயிலைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார்கள். நாலு கடிதம் வருகிறவருக்கு அது போதும். நாள் முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்து, ரசீதும் கணக்குமாக அனுப்பிக்கொண்டே இருக்கிற அலுவலகத்துக்குப் போதாது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பில்லைத் தேடும்போது இணையம் போய்விட்டால் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதையும் ஃபோட்டோக்களும் டிரைவ் கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தோட்டத்துப் படங்களும் கல்யாண வீடியோவும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் புதிய கடிதம் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை அழித்துவிடலாம் என்பதும் கூகுளின் விதி. அதனால், கடிதங்களின் ஒரு பிரதி நம் மேசையிலிருக்கும் கணினியிலும் இருப்பது ஆடம்பரமல்ல, அவசியம். அதற்குத்தான் கணினியில் நிறுவிக்கொள்ளும் மின்னஞ்சல் மென்பொருள்.

எந்த மென்பொருள் என்று பார்ப்பதற்கு முன் முடிவு செய்யவேண்டியது இன்னொன்று இருக்கிறது. மென்பொருளை நிறுவும்போது ஐமேப்பா, பாப்-3-ஆ என்று ஒரு கேள்வி வரும். பலரும் படிக்காமலே அடுத்த பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். உண்மையில் எல்லாத் தேர்வையும்விடப் பெரிய தேர்வு அதுதான்.

ஐமேப் என்றால் அசல் சர்வரிலேயே இருக்கும். உங்கள் கணினியில் இருப்பது அதன் நிழல். கைப்பேசியில் படித்தது கணினியிலும் படித்ததாகத் தெரியும், கணினியிலிருந்து அனுப்பியது கைப்பேசியிலும் இருக்கும். வசதிதான். ஆனால் ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ‘கணினியில்தான் இருக்கிறதே’ என்று நம்பிக் கைப்பேசியில் பழைய கடிதங்களை மொத்தமாக நீக்கினால், அடுத்த முறை இணையம் வந்ததும் கணினியிலும் காலியாகிவிடும். ஐமேப் மட்டும் வைத்துக்கொண்டு அதைக் காப்புப் பிரதி என்று நினைப்பது தவறு.

பாப்-3 கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக் கொடுத்துவிடும். அதன்பிறகு அது உங்களுடையது. சர்வரில் என்ன நடந்தாலும் இங்கே இருக்கும். ஆனால் அமைப்பில் ‘சர்வரிலும் விட்டுவை’ என்ற குறியை எடுத்துவிட்டால் சர்வரிலிருந்து மறைந்துவிடும், கைப்பேசியில் பார்க்க முடியாது. 14 நாள் வரை மட்டும் விட்டுவை என்ற கட்டமும் பக்கத்திலேயே இருக்கும். அதில் குறி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இன்னொரு குறை, நீங்கள் அனுப்பிய கடிதங்களும் நீங்களாகப் பிரித்து வைத்த ஃபோல்டர்களும் பாப்-3-இல் கணினிகளுக்கிடையே ஒத்துப்போகாது.

என் பரிந்துரை: கைப்பேசியும் கணினியும் இரண்டும் புழங்கும் அலுவலகம் ஐமேப்பையே எடுத்துக்கொள்ளட்டும். கூடவே, ஆண்டுக் கணக்கு முடிந்ததும் அந்த ஆண்டின் முக்கியக் கடிதங்களை ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற பகுதிக்குப் பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தப் பகுதிக்கும் சர்வருக்கும் தொடர்பு கிடையாது. கைப்பேசியில் யார் எதை அழித்தாலும் அது அசையாது. கைப்பேசியே வேண்டாம், ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் பாப்-3 தாராளமாகப் போதும்.

இனி மென்பொருள்கள். இதில் நம் பக்கத்து வரலாறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2005 ஏப்ரல் 15 அன்று சென்னையில் மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகட்டை வெளியிட்டது. கேட்டவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். எழுத்துருக்கள், விசைப்பலகை இயக்கிகள், பாரதீய ஓபன் ஆபிஸ், தமிழ்ப்படுத்திய ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றோடு கொலம்பா என்ற மின்னஞ்சல் மென்பொருளும் தமிழ் முகத்தோடு அதில் இருந்தது. எழுதவும் படிக்கவும் அனுப்பவும் எல்லாப் பொத்தானும் தமிழில் என்பது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் ஜாவாவில் எழுதப்பட்ட அந்த மென்பொருளின் வளர்ச்சி பிறகு நின்றுபோனது. பெரிய நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் இதே கதைதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எல்லா அலுவலகத்திலும் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த விண்டோஸ் லைவ் மெயிலுக்கு 2017 ஜனவரி 10-இல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-உடன் வந்த மெயில் செயலியை 2024 டிசம்பர் 31-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

ஆகவே ஒரு மென்பொருளைப் பார்த்ததும் கேட்கவேண்டியது, நாளைக்கு இது நின்றுபோனால் என் கடிதங்களை வெளியே எடுக்க முடியுமா என்பதுதான். அழகு, வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்வது தண்டர்பேர்டு. மொசில்லா 2004 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்டது. இன்றும் நன்கொடைப் பணத்தில் வளர்ந்துவருகிறது. விலை இல்லை, விளம்பரம் இல்லை, மூல நிரல் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரையும் எம்பாக்ஸ் என்ற பழைய, பொதுவான வடிவத்தில் ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. அந்த வடிவத்தைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்கள் ஏராளம் என்பதால் கடிதங்கள் சிறைப்படாது. ஜிமெயில், யாஹூ, சொந்த டொமைன் என்று எத்தனை கணக்கு வேண்டுமானாலும் ஒரே ஜன்னலில் வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் 2024 அக்டோபரில் தண்டர்பேர்டு வந்துவிட்டது. கொஞ்சம் கனமான மென்பொருள் என்பது மட்டும் குறை. 4 ஜிபி ரேம் இருந்தால் சிரமமில்லை. விண்டோஸ் 7, 8-இல் ஓடுகிற கடைசிப் பதிப்பு 115. அதற்குப் பின் வந்தவற்றுக்கு விண்டோஸ் 10 வேண்டும்.

விண்டோஸ் 11 வாங்கினால் கூடவே வருகிறது புதிய அவுட்லுக். நிறுவும் வேலையே இல்லை என்பதால் பலரும் அதையே திறக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, காலண்டரும் உண்டு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு திறங்கள். அதில் நீங்கள் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால், கடிதங்கள் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போய், அங்கிருந்துதான் உங்கள் திரைக்கு வருகின்றன. இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு விளம்பரமும் நடுவே தலைகாட்டும். கடிதங்கள் நம் டிஸ்கில் இருக்கவேண்டும் என்பதற்காகத் தேடுகிறவருக்கு இது பொருந்தாது.

காசு கொடுத்து வாங்கும் பழைய பாணி அவுட்லுக் வேறு. அது திறமையான மென்பொருள். முறையான உரிமம் இருக்கிற அலுவலகம் அதைவிட்டு வெளியே வரவேண்டியதில்லை. ஆனால் கணினியோடு சேர்த்து யாரோ ஏற்றிக் கொடுத்த, உரிமமில்லாத ஆபிஸில் இருக்கும் அவுட்லுக்கை நம்பாதீர்கள். 2016, 2019 பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வங்கிக் கடிதம் வருகிற இடத்தில் அப்படிப்பட்ட ஒன்றை வைத்திருப்பது ஆபத்து.

பழைய கணினிக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அநேகர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அந்தக் கணினிகளில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டு க்ளாஸ் மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவினால் தண்டர்பேர்டு திணறுகிற இடத்தில் இது சட்டென்று திறக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு தனிக் கோப்பாக வைக்கிறது. ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பிக்கும். வெறும் எழுத்தாக மட்டுமே கடிதம் எழுத முடியும். வண்ணம், அட்டவணை எல்லாம் கிடையாது. ஜிமெயிலை இணைக்க, முதலில் கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை வாங்கி இதில் கொடுப்பது எளிய வழி. பொறுமை உள்ளவருக்கு நல்ல கருவி.

ஜோஹோ மெயில் நம் மண்ணில் வளர்ந்த நிறுவனத்துடையது, சேவையும் தரமானது. ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் ஐமேப், பாப் வசதி சேராது. அதனால் தண்டர்பேர்டில் இணைத்துப் பார்க்க நினைப்பவர்கள் கட்டணத் திட்டத்தையே எடுக்கவேண்டும்.

சரி, தண்டர்பேர்டு என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேடலில் முதலில் வருகிற ‘இலவச டவுன்லோடு’ தளங்களை விட்டுவிட்டு அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவியதும் பெயர், மின்னஞ்சல் முகவரி கேட்கும். சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துக் காட்டும். ஐமேப்பைத் தேர்ந்து தொடர்ந்தால் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் தனி ஜன்னலில் வரும். பாஸ்வேர்டை அங்கேதான் கொடுக்கவேண்டும். 2022 மே மாத இறுதியிலிருந்து, வெறும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு நுழையும் செயலிகளைக் கூகுள் தனிநபர் கணக்குகளில் அனுமதிப்பதில்லை. கணக்கோடு இணைந்த கைப்பேசியில் ‘நீங்கள்தானா?’ என்று ஒரு கேள்வி வரும். ‘ஆம்’ என்று தொட்டதும் கடிதங்கள் இறங்கத் தொடங்கும்.

முதல் முறை இறங்க நேரமெடுக்கும். பத்து வருடக் கடிதமெல்லாம் வரும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்தால் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். வயர் இணைப்பு இருக்கிற இடத்தில் இரவில் ஓடவிடுங்கள். கணக்கு அமைப்பில் ‘ஒத்திசைவும் சேமிப்பும்’ என்கிற பக்கத்துக்குப் போனால் கடைசி இத்தனை நாள் கடிதம் மட்டும் போதும் என்றோ, இந்த அளவுக்கு மேல் பெரிய கடிதத்தை இறக்காதே என்றோ சொல்லிவைக்கலாம். ஜிமெயிலில் ‘எல்லா அஞ்சலும்’ என்ற ஃபோல்டர் பெரும்பாலும் மற்ற ஃபோல்டர்களில் இருப்பதையே மறுபடியும் காட்டும்; அதன் சந்தாவை எடுத்துவிட்டால் டிஸ்கில் பாதி இடம் மிச்சமாகலாம். அழித்த கடிதங்கள் எம்பாக்ஸ் கோப்புக்குள்ளேயே கிடக்கும் என்பதால் அவ்வப்போது ஃபோல்டரைச் சுருக்கும் கட்டளையையும் கொடுங்கள். நாலு பேர் உட்காரும் கணினி என்றால் முதன்மை பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுவையுங்கள். கணினிக்கே ஆளுக்கொரு தனிக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. வருடத்துக்கு ஒருமுறை தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்தால் கடிதம், முகவரிப் புத்தகம், அமைப்பு எல்லாம் பத்திரம். எடுக்கும் முன் தண்டர்பேர்டை மூடிவிடவேண்டும்.

தமிழில் எழுத விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் இருக்கின்றன. கடிதத்தின் உடலை யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் திறக்கும். வேறு வழியில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி. நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்யும்போதே அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, இ-சேவை மையமும் பிரவுசிங் கடையும் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு அவசரத்தில் மின்னஞ்சல் கணக்கு தொடங்கிக் கொடுக்கும்போது உங்கள் கைப்பேசி எண்ணைப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கணக்கைப் பிறகு எந்த மென்பொருளில் இணைக்கப் போனாலும் சரிபார்ப்புக் குறியீடு உங்களுக்குத்தான் வரும். கணக்குக்குரியவர் வெளியே நிற்பார். மீட்பு எண்ணாக அவருடைய எண்ணையே கொடுங்கள், பாஸ்வேர்டை அவர் கையாலேயே தட்டச்சொல்லுங்கள், அதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.